வரி கிரிட்டில் உட்கார மறுக்கிறதா? இன்டிசைன் பேஸ்லைன் கிரிட் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

அச்சான புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் வரிகளுக்கு நடுவே வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும். விழவில்லையென்றால் தாள் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். 60, 70 ஜிஎஸ்எம் என்ற மெல்லிய தாளில் அச்சாகும் புத்தகத்துக்கு இது சும்மா அழகு சார்ந்த விஷயம் இல்லை. படிக்கும் கண்ணுக்கு அந்தச் சாம்பல் உறுத்தும். அதைத் தவிர்க்கத்தான் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பேஸ்லைன் கிரிட்: வரிகள் உட்காருவதற்காகப் பக்கம் முழுக்கச் சம இடைவெளியில் ஓடும், அச்சில் வராத கோடுகள்.

ஆனால் கிரிட்டைப் போட்ட அன்றிலிருந்து வேறு தலைவலிகள் தொடங்கும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே திடீரென்று லாரி போகும் அளவு இடைவெளி, பக்கத்தின் முதல் வரி ஒரு படி கீழே, தலைப்புக்குக் கீழே பொட்டல். பலர் இந்த இடத்தில் கிரிட்டை அணைத்துவிட்டுக் கையால் தள்ளித் தள்ளிச் சரிசெய்யப் போய்விடுகிறார்கள். அவசியமில்லை. எல்லாக் கோளாறுக்கும் பின்னால் அநேகமாக ஒரே காரணம்தான்: கிரிட் வரியைக் கீழேதான் தள்ளும், மேலே இழுக்காது.

ஒரு வரி இயல்பாக 16.1 பாயிண்டில் விழ வேண்டியது என்று வையுங்கள். 16-இல் ஒரு கோடு இருக்கிறது. "கிட்டத்தட்ட அதுதானே" என்று வரி அதில் போய் ஒட்டிக்கொள்ளாது. 32-இல் இருக்கும் கோட்டுக்குப் போய்விடும். ஸ்டாப்புக்கு அரை நிமிடம் தாமதமாக வந்தவருக்கும் அடுத்த பஸ்தானே! இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் அளவுகள்

எல்லாக் கணக்கையும் ஒரே பக்கத்தின்மேல் போடுவோம். டெமி அளவு, 5.5 × 8.5 அங்குலம். அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பதால் உயரம் 612 பாயிண்ட். மேல் மார்ஜின் 54, கீழ் மார்ஜின் 54, நடுவே 504. உடல் எழுத்து 11.5 பாயிண்ட், லீடிங் (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை உள்ள தூரம்) 16. ஆங்கிலத்துக்கு இதே அளவில் 14 போதும். தமிழில் மேலே கி, கீ கொக்கிகளும் கீழே சு, பு கால்களும் முட்டிக்கொள்ளும், அதனால் 16-க்குக் குறைய எனக்கு மனம் வருவதில்லை.

504-ஐ 16-ஆல் வகுத்தால் 31.5. ஆக 31 வரி, 496 பாயிண்ட், மிச்சம் 8. அந்த 8 பாயிண்டை வீண் என்று நினைத்து ஃப்ரேமை, அதாவது எழுத்து ஓடும் பெட்டியை, சுருக்கிவிடாதீர்கள். கடைசி வரியில் வரும் ர, ழ, சு போன்றவற்றின் கால் இறங்கும் இடம் அது.

எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் கிரிட்ஸ் (மேக்கில் இன்டிசைன் மெனுவுக்குள் இருக்கும்). ஸ்டார்ட் 0, ரிலேட்டிவ் டு என்ற இடத்தில் டாப் மார்ஜின், இன்கிரிமென்ட் எவ்ரி 16 பாயிண்ட். கோப்பு திறந்திருக்கும்போது மாற்றினால் அந்தக் கோப்புக்கு மட்டும்தான் பொருந்தும். எந்தக் கோப்பும் திறக்காமல் மாற்றினால் இனிமேல் உருவாக்கும் எல்லாப் புதிய கோப்புகளுக்கும் பொருந்தும்.

சரி, கோளாறுகளுக்கு வருவோம்.

கோடுகளே கண்ணில் படவில்லை

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், ஒற்றை மேற்கோள் விசை மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வராவிட்டால் பெரிதாக்கிப் பாருங்கள். வியூ த்ரெஷோல்ட் என்று ஒன்று உண்டு, அது 75 சதவீதமாக இருக்கும். பக்கத்தை அதற்குக் கீழே சுருக்கிப் பார்த்தால் கோடுகள் மறைந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்த முழு ஸ்ப்ரெட்டையும் திரையில் வைத்துக்கொண்டு "கோடு வரவில்லை" என்று தேடுவது எல்லோரும் ஒரு முறையாவது செய்த வேலைதான். பிரிவியூவில் இருந்தாலும் கோடு வராது, டபிள்யூ விசையைத் தட்டி வெளியே வாருங்கள். பக்கத்தில் வண்ணப் பின்னணி இருந்தால் கோடு அதற்கு அடியில் ஒளிந்திருக்கலாம். அதே கிரிட்ஸ் பலகத்தில் கிரிட்ஸ் இன் பேக் என்பதில் உள்ள டிக்கை எடுத்தால் மேலே வந்துவிடும்.

கோடு இருக்கிறது, எழுத்து அதைக் கண்டுகொள்ளவில்லை

கோடு தெரிவதற்கும் வரி அதில் உட்காருவதற்கும் சம்பந்தமில்லை. கோடு போட்டது நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தது மாதிரி, கோட்டில் எழுதச் சொல்ல வேண்டியது பத்தியின் அமைப்பைச் சேமித்து வைக்கும் பாராகிராஃப் ஸ்டைலிடம். ஸ்டைலைத் திறந்து இன்டென்ட்ஸ் அண்ட் ஸ்பேசிங் பகுதிக்குப் போங்கள். அலைன் டு கிரிட் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும்: நன், ஆல் லைன்ஸ், ஃபர்ஸ்ட் லைன் ஒன்லி. உடல் எழுத்துக்கு ஆல் லைன்ஸ்.

ஸ்டைலில் சரியாக இருந்தும் ஒரே ஒரு பத்தி மட்டும் அடம்பிடித்தால், கர்சரை அதில் வைத்து ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யாரோ அந்தப் பத்தியில் தனியாகக் கை வைத்திருக்கிறார்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி ஸ்டைல் பெயரைச் சொடுக்கினால் அந்தக் கைவேலை கலைந்துவிடும். கூடவே கையால் போட்ட போல்ட், இட்டாலிக்கும் போய்விடும், ஜாக்கிரதை. இதனால்தான் சாய்வெழுத்து, தடித்த எழுத்து எல்லாவற்றையும் முதலிலேயே கேரக்டர் ஸ்டைலாக மாற்றிவிட வேண்டும் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

எல்லா வரியும் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கோட்டின் மேல் இல்லாமல் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தொங்குகிறது என்றால், அந்த ஃப்ரேமுக்கென்று தனிக் கிரிட் இருக்கலாம். ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், பி (B) அழுத்தி பேஸ்லைன் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறங்கள். யூஸ் கஸ்டம் பேஸ்லைன் கிரிட் என்பதில் டிக் இருக்கும். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ஃப்ரேமில் இது ஒட்டிக்கொண்டே வரும்.

கிரிட்டைப் போட்டதும் புத்தகமே ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது

200 பக்கக் கையெழுத்துப் பிரதி 300 பக்கமாக நிற்கும். பதிப்பாளர் தாள் கணக்கைப் பார்த்து மயங்கி விழுவதற்குள் இன்கிரிமென்ட் எவ்ரி என்ற இடத்தைப் பாருங்கள். 12 பாயிண்ட் என்று இருக்கும். அது மென்பொருள் தானாக வைத்த அளவு. உங்கள் லீடிங் 16. முதல் வரி ஒரு கோட்டில் உட்காரும். அடுத்தது 16 தள்ளி விழ வேண்டும். 12-இல் உள்ள கோட்டைத் தாண்டியாயிற்று, அடுத்த கோடு 24-இல். இப்படியே எல்லா வரியும் 24 பாயிண்ட் இடைவெளிக்குப் போய்விடும்.

இதன் தங்கச்சி ஒன்று உண்டு. கிரிட் 14, எழுத்து 12, லீடிங்கைத் தொடாமல் ஆட்டோவில் விட்டிருப்பார்கள். ஆட்டோ என்றால் எழுத்தளவில் 120 சதவீதம், அதாவது 14.4. வெறும் 0.4 பாயிண்ட் கூடுதல். அதற்கே ஒவ்வொரு வரியும் 28-க்குத் தாவும். லீடிங் பெட்டியில் எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது ஆட்டோ என்று அர்த்தம். உடல் எழுத்தின் ஸ்டைலில் அடைப்புக்குறி இருக்கவே கூடாது. லீடிங் என்ன எண்ணோ கிரிட்டும் அதே எண்.

பத்தி நடுவே ஒரே ஒரு வரிக்கு மேல் மட்டும் இரட்டை இடைவெளி

கோளாறுகளில் மிகவும் சள்ளையானது இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். முப்பது வரி ஒழுங்காக இருக்கும். பதினேழாவது வரி மட்டும் ஒரு படி கீழே இறங்கி, அதற்கு மேல் ஒரு வெற்று வரி போலத் தெரியும். பத்தியைத் தேர்ந்தெடுத்து லீடிங் பெட்டியைப் பார்த்தால் அது காலியாக இருக்கும். காலி என்றால் உள்ளே இரண்டு விதமான லீடிங் கலந்திருக்கிறது என்று பொருள்.

இன்டிசைனில் லீடிங் பத்தியின் குணம் இல்லை, எழுத்தின் குணம். ஒரு வரியில் எந்த எழுத்துக்கு லீடிங் அதிகமோ அதுதான் அந்த வரி முழுவதற்கும். ஒரு முறை இதை அரைமணி நேரம் தேடினேன். சொற்கள் எல்லாம் சரி. கடைசியில் அகப்பட்டது ஒரு வெற்றிடம், இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள ஸ்பேஸ். வேர்டில் யாரோ அதை 14 பாயிண்டில் விட்டிருந்தார்கள். 14-க்கு ஆட்டோ லீடிங் 16.8. கிரிட் 16. கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒரு வரியையே கீழே தள்ளிவிட்டது.

தேட வழி இருக்கிறது. ஃபைண்ட் சேஞ்ச் பலகத்தில் தேடும் சொல்லைக் காலியாக விட்டு, ஃபைண்ட் ஃபார்மட்டில் லீடிங் ஆட்டோ என்று மட்டும் கொடுங்கள். ஆட்டோவில் கிடக்கும் எல்லாத் துண்டும் வரிசையாக வந்து நிற்கும். சேஞ்ச் ஃபார்மட்டில் 16 கொடுத்து ஒரேயடியாக மாற்றலாம். ஆனால் படம் வைத்திருக்கும் பத்திகளும் ஆட்டோவில்தான் இருக்கும், அவற்றை விட்டுவிட்டு மாற்றுங்கள்.

நோய் வராமல் தடுக்க, பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதியில் அப்ளை லீடிங் டு என்டயர் பாராகிராஃப்ஸ் என்பதை டிக் செய்து வையுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் மாற்றும் லீடிங் பத்தி முழுவதற்கும் போகும். ஏற்கெனவே கலந்து கிடப்பதை அது போய்ச் சரிசெய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தின் முதல் வரி ஒரு படி கீழே தொடங்குகிறது

இடப்பக்கம் சரியாக மார்ஜினை ஒட்டித் தொடங்கும், வலப்பக்கம் ஒரு வரி இறங்கித் தொடங்கும். இதற்கும் காரணம் பெரும்பாலும் மயிரிழை அளவு பிசகுதான்.

டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸில் ஃபர்ஸ்ட் பேஸ்லைன் ஆஃப்செட் என்று இருக்கிறதே, அதில் லீடிங் என்று சிலர் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஃப்ரேமின் மேல் விளிம்பிலிருந்து சரியாக 16 பாயிண்ட் தள்ளி முதல் வரி வரவேண்டும் என்று அதற்குப் பொருள். நம் கிரிட்டிலும் மார்ஜினிலிருந்து 16-இல் ஒரு கோடு. கச்சிதமாகப் பொருந்துகிறது, அதுதான் சிக்கல். மார்ஜினை 19.05 மி.மீ. என்று வைத்திருக்கிறீர்கள், அதாவது 54 பாயிண்ட். ஃப்ரேமை யாரோ கையால் இழுத்து 19.1-இல் விட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 0.14 பாயிண்ட், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரி விழ வேண்டிய இடம் 16.14 ஆகிவிட்டது. அடுத்த பஸ்.

ஃப்ரேமை மார்ஜினில் ஒட்டவைப்பது ஒரு தீர்வு. அதைவிட நல்லது கொஞ்சம் சலுகை கொடுத்து வைப்பது. ஃபர்ஸ்ட் பேஸ்லைனை ஃபிக்ஸ்ட் என்று மாற்றி 10 பாயிண்ட் கொடுத்துவிடுங்கள். வரி 10-க்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று ஆகிவிடும், கிரிட் அதைப் பிடித்து 16-இல் உட்காரவைக்கும். ஃப்ரேம் அரை மி.மீ. நகர்ந்தாலும் எதுவும் ஆகாது. எழுத்துருவின் உச்சி உயரத்தை வைத்துக் கணக்கிடும் அசென்ட் என்பதிலும் இந்தச் சலுகை கிடைக்கும்தான். ஆனால் அது எழுத்துருவைப் பொறுத்து மாறும். ஒரு தமிழ் எழுத்துருவில் ஒழுங்காக இருந்தது வேறொன்றுக்கு மாற்றியதும் ஒரு படி இறங்கினால், அசென்ட்டின் மேல் சந்தேகப்படுங்கள். ஃபிக்ஸ்ட் எழுத்துருவைப் பார்ப்பதில்லை.

இதன் மறுமுனை: கடைசி வரிக்கு இடம் இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. ஃப்ரேமைக் கீழே சில பாயிண்ட் இழுத்துவிடுங்கள். நாம் மிச்சம் வைத்த 8 பாயிண்ட் இதற்குத்தான். அப்படியும் வரவில்லையென்றால் கிரிட்டை விட்டுவிட்டு கீப் ஆப்ஷன்ஸைப் பாருங்கள். பத்தியின் கடைசி இரண்டு வரி பிரியக்கூடாது என்று அங்கே சொல்லி வைத்திருப்பீர்கள்.

தலைப்பைச் சுற்றிப் பொட்டல்

உட்தலைப்புக்குக் கீழே எதிர்பாராத இடைவெளி. சில இடங்களில் சரியாக இருக்கும், சில இடங்களில் மட்டும் விரியும். அது எந்த இடங்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும்: ஒரு வரித் தலைப்பில் பிரச்சினை இல்லை, இரண்டு வரித் தலைப்பில்தான்.

கணக்கு எளியது. தலைப்புக்கு மேல் இடைவெளி 8, தலைப்பின் லீடிங் 20, கீழ் இடைவெளி 4. கூட்டினால் 32, அதாவது 16-இன் இரு மடங்கு. அதற்குப் பிறகு வரும் உடல் வரி இன்னும் 16 தள்ளி 48-இல் சரியாகக் கோட்டின் மேல் விழும். அருமை. இப்போது தலைப்பு இரண்டு வரியாகிறது: 8, 20, 20, 4, மொத்தம் 52. உடல் வரி 68-இல் விழ வேண்டும். 64 தாண்டிவிட்டது, ஆக 80. தலைப்புக்கும் உடல் வரிக்கும் நடுவே தேவையில்லாமல் 12 பாயிண்ட் கூடிவிட்டது.

அதனால் இரண்டு வரித் தலைப்புக்குத் தனி ஸ்டைல் வைத்துக்கொள்வது என் பழக்கம். மேலே 4, லீடிங் 20, கீழே 4: நான்கும் நாற்பதும் நான்கும் 48. மூன்று மடங்கு, கச்சிதம். ஒரு வரிக்கு ஒன்று, இரண்டு வரிக்கு ஒன்று. மூன்று வரித் தலைப்பு வந்தால் ஆசிரியருக்குப் போன் போட்டுச் சுருக்கச் சொல்லுங்கள், அதுதான் எல்லோருக்கும் நல்லது.

தலைப்பு ஸ்டைலில் அலைன் டு கிரிட் நன் என்றே இருக்கட்டும். கோட்டில் உட்கார வேண்டியது உடல் எழுத்து. தலைப்பு இரண்டு கோட்டுக்கு நடுவே மிதந்தால் தப்பில்லை, பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கும். தலைப்பையும் ஆல் லைன்ஸில் போட்டுவிட்டு 20 லீடிங் 32 ஆனது என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். நாவல், சிறுகதைத் தொகுப்பு போன்றவற்றில் உட்தலைப்பு 13, 14 பாயிண்டுக்கு மேல் தேவைப்படுவதில்லை. அங்கே தலைப்பின் லீடிங்கையும் 16 என்றே வைத்து, மேலே ஒரு முழு வரி, அதாவது 16, விட்டுவிட்டால் கணக்கே வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தலைப்பு பக்கத்தின் உச்சியில் வந்து விழுந்தால் அதன் மேல் இடைவெளியை இன்டிசைன் கணக்கில் எடுக்காது. தலைப்பு மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். அடுத்த உடல் வரியைக் கிரிட் பிடித்துக்கொள்ளும் என்பதால் மற்ற வரிகளுக்குச் சேதமில்லை. அச்சுக்கோத்த காலத்தில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி தீர்ந்தது. வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு செருகுவார்கள், லீடிங் என்ற பெயரே அந்த ஈயத்திலிருந்து வந்ததுதான். அரைத் தகடு கூடினால் பக்கம் சட்டத்துக்குள் முடுக்க வராது. கணக்குத் தப்பினால் கையே சொல்லிவிடும்.

எதிரெதிர்ப் பக்க வரிகள் ஒத்துப்போகவில்லை

ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பார்த்தால் வரி கோட்டில்தான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிசகு. அப்படியானால் வரி சரி, கோடே இரண்டு பக்கத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

நாம் கிரிட்டை டாப் மார்ஜினிலிருந்து தொடங்கச் சொன்னோம். மார்ஜின் மாறினால் கிரிட்டும் கூடவே நகரும். அத்தியாயத் தொடக்கத்துக்கென்று தனி மாஸ்டர் பேஜ் (பக்கங்களுக்கு அடிப்படையாகும் மாதிரிப் பக்கம், புதிய பதிப்புகளில் பேரன்ட் பேஜ்) வைத்து, அதன் மேல் மார்ஜினைக் கண்ணளவில் 120 என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் கோடுகள் எதிர்ப்பக்கத்தோடு சேராது. 54-உடன் 16-இன் மடங்கைத்தான் கூட்ட வேண்டும். ஐந்து வரி இறக்க வேண்டுமென்றால் 54-உம் 80-உம் 134. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ரிலேட்டிவ் டு என்பதை டாப் ஆஃப் பேஜ் என்று மாற்றி ஸ்டார்ட்டில் 54 பாயிண்ட் கொடுங்கள். பிறகு மார்ஜின் எங்கே போனாலும் கோடு அசையாது. பல விதமான பக்கங்கள் வரும் புத்தகத்துக்கு இதுவே மேல்.

இரண்டாவது காரணம் பெரிய புத்தகங்களில் வரும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து புக் பலகத்தில் கோத்திருப்பீர்கள். சின்க்ரனைஸ் கொடுத்தால் ஸ்டைல், வண்ணம், மாஸ்டர் பேஜ் எல்லாம் போகும். பேஸ்லைன் கிரிட் போகாது, அது கோப்புக்குக் கோப்பு தனி. எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. ஒரு பதிப்பகத்துக்கான தொகுதியை மூன்று பேர் பிரித்துக்கொண்டு செய்தோம். ஸ்டைல்களைச் சேர்த்தாயிற்று என்ற தைரியத்தில் யாரும் கிரிட்டைப் பார்க்கவில்லை. ஒருவருடைய கோப்பில் ஸ்டார்ட் மென்பொருள் வைத்த 12.7 மி.மீ.யிலேயே இருந்தது. அச்சாகி வந்ததும் டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தேன். நடுவில் எழுபது பக்கம் சாம்பல். வாசகர் யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் இன்றுவரை அந்தப் புத்தகத்தை நான் கையில் எடுப்பதில்லை.

வரிகள் ஒத்துப்போகின்றன, பக்கத்தின் அடி மட்டும் ஒரு பக்கம் 31 வரி, மறுபக்கம் 30 வரி என்று ஏறி இறங்குகிறது என்றால் அது கிரிட்டின் வேலை இல்லை. மேலே சொன்ன கீப் ஆப்ஷன்ஸின் வேலை. அதைச் சமன்செய்ய வெர்டிக்கல் ஜஸ்டிஃபிகேஷனில் ஜஸ்டிஃபை போட்டுவிடாதீர்கள். அது வரிகளை விரித்து அடியை மட்டம் தட்டும் ஏற்பாடு, கிரிட் வரிகளைக் கோட்டில் கட்டிப்போடும் ஏற்பாடு. ஒரே மாட்டை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்த கதையாகிவிடும். அலைன் டாப் என்றே இருக்கட்டும். முந்தைய பத்தி எதிலாவது எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை (டிராக்கிங்) துளி கூட்டியோ குறைத்தோ ஒரு வரியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

அடிக்குறிப்பு வரிகள் தளர்ந்து கிடக்கின்றன

9 பாயிண்ட் எழுத்துக்கு 12 லீடிங் கொடுத்தீர்கள், திரையில் 16 இடைவெளியில் நிற்கிறது. அடிக்குறிப்பு ஸ்டைல் உடல் எழுத்து ஸ்டைலை அடிப்படையாகக் கொண்டு உருவாகியிருக்கும், அலைன் டு கிரிட்டும் சொத்து மாதிரி இறங்கி வந்திருக்கும். நன் என்று மாற்றினால் தீர்ந்தது. 12 லீடிங் வைப்பதில் ஒரு வசதி: நான்கு குறிப்பு வரியும் 48, மூன்று உடல் வரியும் 48.

கிரிட்டை 8 பாயிண்டாக வைத்தால் எல்லாவற்றுக்கும் பொருந்துமே என்று சிலர் சொல்வார்கள். படக்குறிப்பு, பெட்டிச் செய்தி நிறைந்த பத்திரிகைக்கு அது உதவும். புத்தகத்துக்கு வேண்டாம் என்பேன். ஒரு தலைப்பு கணக்குத் தப்பினால் உடல் வரி அரைக்கோட்டில் போய் உட்கார்ந்துவிடும். கிரிட்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு. எதிர்ப்பக்கத்தோடு மட்டும் 8 பாயிண்ட் பிசகி நிற்கும், கோடு போட்டுப் பார்த்தாலும் காட்டிக்கொடுக்காது.

படம், அட்டவணை வந்த இடத்தில் குழப்பம்

வரியோடு வரியாக ஒட்டிய படம் மேல் வரிகளின் மீது ஏறி உட்கார்ந்துவிட்டதா? அந்தப் பத்தியின் லீடிங் 16 என்று இறுகியிருக்கிறது. படத்துக்கென்று தனி ஸ்டைல் வைத்து லீடிங் ஆட்டோ, அலைன் டு கிரிட் நன் என்று கொடுங்கள். ஆட்டோ லீடிங் உதவும் ஒரே இடம் இதுதான். படத்துக்குக் கீழே வரும் உடல் பத்தி தானாகக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

டெக்ஸ்ட் ராப் போட்ட, அதாவது எழுத்து விலகி ஓடும்படி வைத்த, படத்துக்குக் கீழே ஒரு வரி அளவு வெற்றிடம் என்றால், ராப் எல்லை ஒரு கோட்டை மயிரிழையில் மறித்துக்கொண்டிருக்கும். படத்தின் அடி விளிம்பை ஒரு கிரிட் கோட்டிலேயே வையுங்கள். மேல் விளிம்பைக் கோட்டில் வைக்காதீர்கள், பக்கத்து வரியிலுள்ள க, ப போன்ற எழுத்துகளின் தலையோடு ஒட்டவையுங்கள். அப்போதுதான் படமும் வரியும் ஒரே மட்டத்தில் தொடங்குவதுபோல் கண்ணுக்குத் தெரியும். எழுத்தின் தலைக்கும் அதற்கு மேலுள்ள கோட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்து இருக்கும்.

அட்டவணைக்குள் கிரிட்டைக் கொண்டு போகவே வேண்டாம். ஒவ்வொரு வரிசையும் தன் இஷ்டத்துக்கு உயரும். அட்டவணை ஸ்டைல்கள் எல்லாம் நன். கவிதைத் தொகுப்புக்கும் நான் கிரிட் போடுவதில்லை. பத்தி இடைவெளி கவிஞருடையது, அதை 16-இன் மடங்காக மாற்ற எனக்கு உரிமையில்லை.

ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிரிட் அளவு டாக்குமென்ட் செட்டப்பில் இருக்கும். பத்தி ஸ்டைலில் வரி இடைவெளிக்கு ஃபிக்ஸ்ட், ஆட்டோமேட்டிக், அலைன் டு பேஸ்லைன் கிரிட் என்று மூன்று விதம், மூன்றாவதுதான் நமக்கு.

திரையில் சரி, அச்சில் பிசகு

முதலில் ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். நம் பக்கத்தில் 31 வரி, அப்படியென்றால் 30 இடைவெளி, 480 பாயிண்ட். முதல் வரியின் அடியிலிருந்து கடைசி வரியின் அடிவரை 169.3 மி.மீ. இருக்க வேண்டும். லேசர் புரூஃபில் 164 என்று காட்டினால் கிரிட்டில் குறை தேடாதீர்கள். பிரின்ட் எடுத்தவர் ஃபிட் என்று கொடுத்து 97 சதவீதத்துக்குச் சுருக்கியிருக்கிறார்.

அச்சான புத்தகத்திலேயே வரிகள் முன்னும் பின்னும் ஒத்துப்போகவில்லையென்றால், தாளின் மேல் விளிம்பிலிருந்து முதல் வரிவரை பல பக்கங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஃபாரத்தின் (ஒரே அச்சுத்தாளை மடித்துக் கிடைக்கும் தொகுதி) பக்கங்களெல்லாம் ஒரே மாதிரி ஒன்றரை மி.மீ. இறங்கியிருந்தால் அது மடிப்பிலோ வெட்டிலோ வந்த பிசகு, அச்சகத்தில் பேச வேண்டிய விஷயம். மற்ற பக்கங்கள் ஒழுங்காக இருந்து 46-ஆம் பக்கம் மட்டும் தனித்து நின்றால், அச்சகத்துக்குப் போன் போடும் முன் கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தின் ஃப்ரேமைச் சொடுக்கிப் பாருங்கள். எனக்கு இதுவரை அதிகம் நடந்திருப்பது இரண்டாவதுதான்.